மௌனம் சம்மதம் அல்ல!

நம் சங்கத்துக் குடும்பங்களில் பொறியியல் படிக்கும் பிள்ளை இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அவர்களில் எலெக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர் பிரிவுகளில் சேர்ந்தவர்களுக்குச் செய்தித் தொடர்பு முறைகள், வலையமைப்புகள் என்று ஒரு பாடம் உண்டு. பெரும்பாலோர் அதைச் சூத்திரங்களின் மூட்டையாகவே சுமந்து, பரீட்சை முடிந்த மறுநாள் இறக்கி வைத்து விடுகிறார்கள். நான் டிப்ளமோ படித்து, ரயில்வேயின் சிக்னல் - டெலிகாம் பிரிவில் சேர்ந்து, முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் தண்டவாளத்தோரத்தில் கேபிளும் ரிலேயுமாகக் காலம் கழித்து ஓய்வு பெற்றவன். பேராசிரியர்கள் நடத்துவதைத் திருத்துவது என் நோக்கமன்று. ஆனால் அந்தப் பாடத்தின் உயிர்நாடி நம் சயான் ஸ்டேஷன் வழியாகத் தினமும் ஓடிக் கொண்டிருக்கிறது என்பதைச் சொல்லாமல் இருக்கவும் மனம் வரவில்லை.

முதலில் ஒரு கேள்வி. தொடர்பு என்றால் என்ன? மாலை வேளைகளில் என்னிடம் ஐயம் கேட்க வரும் மாணவர்களிடம் இதைக் கேட்டால், "ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தகவல் அனுப்புவது, மாமா" என்பார்கள். பாதிதான் சரி. அனுப்பிவிட்டால் ஆயிற்றா? போய்ச் சேர்ந்ததா? சொன்னபடியே சேர்ந்ததா? சேராவிட்டால் என்ன செய்வது? இந்த மூன்றுக்கும் விடை இருந்தால்தான் தொடர்பு முழுமை பெறும். அந்நாளில் முக்கியமான கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பும்போது ஒப்புகை அட்டை ஒன்றையும் சேர்த்து அனுப்புவோமே, நினைவிருக்கிறதா? கடிதம் போவதற்கு அந்த அட்டை தேவையில்லை. அது போய்ச் சேர்ந்ததை நாம் அறிவதற்குத்தான் அது தேவைப்பட்டது.

இரைச்சலும் அதன் விலையும்

அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்த கிளாட் ஷானன் 1948-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரைதான் இந்தத் துறைக்கு அடித்தளம். அவர் போட்ட படம் மிக எளிமையானது. சொல்பவர் ஒருவர், கேட்பவர் ஒருவர், நடுவே ஒரு வழித்தடம், அந்த வழித்தடத்தில் அழையா விருந்தாளியாக நுழையும் இரைச்சல். தந்தி, தொலைபேசி, வானொலி, கைபேசி, இணையம் எல்லாமே இந்தப் படத்துக்குள் அடங்கிவிடும்.

இரைச்சல் என்றால் காதில் கேட்கும் சத்தம் மட்டுமன்று. சயான் ஸ்டேஷனில் நின்று தலைக்கு மேலே பாருங்கள். 1853 ஏப்ரல் 16 அன்று போரிபந்தரிலிருந்து தாணே வரை 34 கிலோமீட்டர் ஓடிய முதல் பயணிகள் ரயில் சென்ற பாதை இது. 1925 பிப்ரவரி 3 அன்று விக்டோரியா டெர்மினசுக்கும் குர்லாவுக்கும் இடையே, துறைமுகப் பாதை வழியாக, நாட்டின் முதல் மின்ரயில் ஓடியது. அப்போது மேல்கம்பியில் 1,500 வோல்ட் நேர்மின்னோட்டம். பிற்காலத்தில் 25,000 வோல்ட் மாறுமின்னோட்டத்துக்கு மாற முடிவாகி, மத்திய ரயில்வேயின் பிரதான பாதையில் 2015-இலும் துறைமுகப் பாதையில் 2016-இலும் அந்த மாற்றம் நிறைவேறியது.

பயணிகளுக்கு இது கண்ணுக்குத் தெரியாத மாற்றம். எங்களுக்கோ தலைவலி. நேர்மின்னோட்டம் பெரும்பாலும் ஒரே சீராக ஓடும். பக்கத்திலுள்ள கேபிளை அதிகம் சீண்டாது. மாறுமின்னோட்டம் விநாடிக்கு 50 முறை அலைபாயும். மாறிக் கொண்டிருக்கும் மின்னோட்டம் பக்கத்துக் கம்பியில் மின்னழுத்தத்தைத் தூண்டும் என்று 1831-இல் ஃபாரடே கண்டுபிடித்ததைப் பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். பாதையோரமாகக் கிலோமீட்டர் கணக்கில் இணையாக ஓடும் டெலிபோன் கேபிளில் அப்படித் தூண்டப்படும் மின்னழுத்தம், பேச்சைக் கெடுப்பதோடு நில்லாமல் வேலை செய்பவரின் உயிருக்கும் ஆபத்தாகலாம்.

இதற்கு மருந்துகள் மூன்று. முதலாவது, இரட்டைக் கம்பியை ஒன்றோடொன்று முறுக்குவது. முறுக்கினால் இரண்டு கம்பிகளும் இரைச்சலுக்கு ஏறத்தாழச் சமமாக ஆட்படும். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் எடுத்துக் கொண்டால் பொதுவாக ஏறிய இரைச்சல் கழிந்துவிடும். பழைய கம்பித் தூண்களில் கம்பிகள் சிறிது தூரத்துக்கு ஒரு முறை இடம் மாறிச் செல்லுமே, அதுவும் இதே தத்துவம். உங்கள் கம்ப்யூட்டரின் ஈதர்நெட் கேபிளை அறுத்துப் பார்த்தாலும் நான்கு முறுக்கு ஜோடிகள் இருக்கும். இரண்டாவது, கேபிளுக்கு உலோக உறை போட்டுப் பூமியோடு இணைப்பது. மூன்றாவது, மின்சாரத்தையே விட்டுவிட்டு ஒளியில் பேசுவது. கண்ணாடி இழையில் போகும் ஒளிக்கு மேல்கம்பியின் மின்சாரம் ஒரு பொருட்டே அன்று. தூய கண்ணாடி இழையில் நெடுந்தூரம் செய்தி அனுப்பலாம் என்று 1966-இல் வழிகாட்டிய சார்லஸ் காவோவுக்கு 2009-இல் நோபல் பரிசு கிடைத்தது. 2000-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ரெயில்டெல் நிறுவனம் இன்று நாடெங்கும் தண்டவாளங்களையொட்டி 60,000 கிலோமீட்டருக்கு மேல் இந்த இழையை வைத்திருக்கிறது.

ஷானன் சொன்ன முக்கியமான செய்தி, ஒவ்வொரு வழித்தடத்துக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு என்பது. பாதையின் அகலமும், இரைச்சலைவிடச் செய்தி எத்தனை மடங்கு வலுவானது என்பதும் சேர்ந்து அதை நிர்ணயிக்கும். பழைய தொலைபேசி 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரை உள்ள ஒலியைத்தான் கடத்தும், அகலம் 3,100. செய்தியின் வலு இரைச்சலைப்போல ஆயிரம் மடங்கு என்று வைத்துக் கொள்ளுங்கள். சூத்திரத்தில் போட்டால் விநாடிக்குச் சுமார் 31,000 பிட் வரும். பழைய மோடம்கள் 28,800, 33,600 என்ற வேகங்களோடு மூச்சு வாங்கி நின்றது ஏன் என்று இப்போது விளங்குகிறதல்லவா? அது செய்தவர்களின் திறமைக் குறைவால் வந்ததன்று. பாதையின் எல்லை அது.

ஒரே தண்டவாளத்தில் பல ரயில்கள்

அடுத்தது பங்கீடு. சயானில் மெதுவான லோக்கல்களுக்கு ஒரு ஜோடித் தடம், வேக ரயில்களுக்கு ஒரு ஜோடித் தடம். வேக ரயில் நம் ஸ்டேஷனில் நிற்காமல் பறந்துவிடும். வெவ்வேறு அலைவரிசைகளில் வெவ்வேறு வானொலி நிலையங்கள் பேசுவது இப்படித் தடம் பிரித்துக் கொடுப்பது போன்றது. ஒரே தடத்தில் சில நிமிடங்களுக்கு ஒரு லோக்கல் என்று நேரத்தைக் கூறுபோட்டுக் கொடுப்பது இன்னொரு முறை.

தொலைபேசியில் இந்த நேரப் பங்கீடு எப்படி நடக்கிறது? மனிதக் குரலுக்கு 4,000 ஹெர்ட்ஸ் ஒதுக்கினால் போதும். ஓர் அலையைத் திரும்பக் கட்ட வேண்டுமானால் அதன் உச்ச அதிர்வெண்ணைப்போல இரு மடங்குக்குக் குறையாமல் அளவெடுக்க வேண்டும் என்பது விதி. ஆகவே விநாடிக்கு 8,000 அளவுகள். ஒவ்வோர் அளவையும் 8 பிட்டில் எழுதினால் விநாடிக்கு 64,000 பிட். முப்பது பேரின் பேச்சை வரிசையாக அடுக்கி, ஒழுங்குபடுத்த ஓர் இடமும் அழைப்பு விவரங்களுக்கு ஓர் இடமும் சேர்த்தால் மொத்தம் 32 இடங்கள். பெருக்கினால் விநாடிக்கு 20,48,000 பிட். பாடப் புத்தகத்தில் 2.048 மெகாபிட் என்று திடீரென்று வந்து விழும் எண்ணின் பிறப்பு இதுதான். மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. பெருக்கத் தெரிந்தால் போதும்.

இப்படி இடம் ஒதுக்கி வைப்பதில் ஒரு வீண் உண்டு. பேசாதபோதும் அந்த இடம் காலியாகவே ஓடும். அதனால்தான் 1960-களில் பால் பாரன், டொனால்ட் டேவிஸ் ஆகியோர், செய்தியைச் சிறு பொட்டலங்களாக்கி, ஒவ்வொன்றிலும் முகவரி எழுதி, இடம் கிடைத்த வழியில் அனுப்பும் முறையைத் தனித்தனியே வகுத்தார்கள். வீட்டுச் சாமான்களைத் தனி ரயில் பிடித்து அனுப்புவது ஒரு முறை. மூட்டைகளாகக் கட்டி, லேபிள் ஒட்டி, போகிற வண்டிகளில் ஏற்றிவிடுவது இன்னொரு முறை. இரண்டாவதில் செலவு குறைவு. ஆனால் மூட்டை முன்பின்னாக வரலாம். ஒன்று வராமலும் போகலாம். அங்கேதான் ஒப்புகை திரும்பவும் தேவைப்படுகிறது.

திருப்பிச் சொல்

தானியங்கி சிக்னல் இல்லாத பாதைகளில் இரண்டு ஸ்டேஷன்களுக்கு இடையே பிளாக் இன்ஸ்ட்ருமென்ட் என்ற கருவி இருக்கும். மணி ஒரு முறை அடித்தால் 'கவனியுங்கள்' என்று பொருள். இரண்டு அடித்தால் 'லைன் கிளியர் உண்டா?' மூன்று அடித்தால் ரயில் புறப்பட்டு உள்ளே வருகிறது என்று பொருள். நான்கு அடித்தால் அது வந்து சேர்ந்து பாதை காலியாகிவிட்டது. ஒவ்வொரு மணிக்கும் எதிர்ப்பக்கத்து ஸ்டேஷன் மாஸ்டர் அதே எண்ணிக்கையில் திருப்பி அடிக்க வேண்டும். திருப்பி அடிக்காத மணி, அடிக்கப்படாத மணிக்குச் சமம்.

லெவல் கிராசிங் கேட்மேன் கேட்டை மூடிவிட்டேன் என்று போனில் வாயால் சொன்னால் மட்டும் போதாது. தன்னிடமுள்ள தாளிலிருந்து அடுத்த 'பிரைவேட் நம்பரை'ச் சொல்ல வேண்டும்; ஸ்டேஷன் மாஸ்டர் அதைத் தம் பதிவேட்டில் எழுதிக் கொள்ள வேண்டும். இன்று வங்கியிலிருந்து உங்கள் கைபேசிக்கு வரும் ஒரு முறை எண்ணுக்கு இது பெரியப்பா முறை!

வின்டன் செர்ஃப், ராபர்ட் கான் இருவரும் 1974-இல் வெளியிட்ட டி.சி.பி. என்னும் ஒழுங்குமுறையைப் பாருங்கள். முதலில் 'பேசலாமா?' என்று ஓர் அழைப்பு. 'கேட்டது, நானும் தயார்' என்று மறுமொழி. 'உன் மறுமொழி கிடைத்தது' என்று மூன்றாவது ஒப்புகை. பிறகுதான் தகவல் போகும். ஒவ்வொரு பொட்டலத்திலும் பிழை கண்டுபிடிக்கும் கூட்டல் எண் உண்டு; குறித்த நேரத்தில் ஒப்புகை வராவிட்டால் அனுப்பியவரே மீண்டும் அனுப்புவார். மணியடித்துத் திருப்பி வாங்கிய ஸ்டேஷன் மாஸ்டர் வேறு என்ன செய்தார்?

'ஒவ்வொன்றுக்கும் காத்திருந்தால் நேரமாகாதா?' என்று கெட்டிக்காரப் பிள்ளைகள் கேட்பார்கள். ஆகும். மும்பையிலிருந்து சென்னைக்கு ரயில் பாதை வழியே சுமார் 1,300 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் போகும். போய்வர 13 மில்லி விநாடி. 36,000 கிலோமீட்டர் உயரத்துச் செயற்கைக்கோள் வழியென்றால் ஒரு தடவை போய்ச் சேரவே கால் விநாடி. அதனால் ஒரு பொட்டலத்துக்கு ஒப்புகை வருமுன்னே இன்ன அளவு வரை அடுத்தடுத்து அனுப்பலாம் என்று சாளரம் வைத்தார்கள். இரண்டு ஸ்டேஷன்களுக்கு இடையே ஒரே ரயில் என்றிருந்த முறையை மாற்றி, பாதையைத் துண்டுகளாக்கி, ஒன்றன்பின் ஒன்றாகப் பல லோக்கல்களை விடுகிறோமே, அதைப் போன்றது. உவமை முழுவதும் பொருந்தாது. ஆனால் யோசனை ஒன்றுதான்.

மௌனத்துக்கு என்ன பொருள்?

இப்போது கட்டுரையின் நடுமுடிச்சுக்கு வருகிறேன். 'பதில் கிடைத்தது' என்று நான் சொல்லும் செய்தி போய்ச் சேர்ந்ததை யார் உறுதி செய்வது? அதற்கொரு பதில், அந்தப் பதிலுக்கொரு பதில் என்று இது அனுமார் வால்போல நீளும். கெட்டுப் போகக்கூடிய வழித்தடத்தில் இரு பக்கமும் முழு உறுதி பெறவே முடியாது என்பது கணிதப்படி நிரூபிக்கப்பட்ட உண்மை. அப்படியானால் பொறியாளர் செய்யக்கூடியது ஒன்றுதான். சந்தேகம் வரும்போது அது பாதுகாப்பான பக்கம் சாயும்படி அமைத்துவிட வேண்டும்.

இதை அழகாகச் செய்வது, 1872-இல் வில்லியம் ராபின்சன் கண்ட ட்ராக் சர்க்யூட். ஒரு துண்டுத் தண்டவாளத்தின் ஒரு முனையில் மின்சாரம் கொடுப்பார்கள். மறுமுனையில் ஒரு ரிலே. மின்சாரம் வந்து சேரும்வரை ரிலே மேலே இழுபட்டு, 'பாதை காலி' என்று சொல்லும். ரயில் வந்தால் சக்கரமும் அச்சும் இரு தண்டவாளங்களையும் இணைத்துவிடும், ரிலேக்கு மின்சாரம் போகாது, அது கீழே விழும், சிக்னல் சிவப்பாகும். இதில் விசேஷம் என்னவென்றால், கம்பி அறுந்தாலும், பாட்டரி தீர்ந்தாலும், தண்டவாளம் முழுவதும் உடைந்து பிரிந்தாலும் பெரும்பாலும் இதே சிவப்புதான் வரும். 'காலி' என்பதை ஓயாமல் சொல்லிக் கொண்டே இருக்க வேண்டும். சொல்வது நின்றால் ஆபத்து என்றுதான் கொள்ள வேண்டும். கல்யாணப் பேச்சில் மௌனம் சம்மதத்துக்கு அறிகுறியாக இருக்கலாம். தொடர்பியலில் மௌனம் சம்மதம் அல்ல.

இந்தப் பாடம் எத்தனை உயிர்களை விலையாகக் கேட்டிருக்கிறது என்பதற்கு இரண்டு உதாரணங்கள் சொல்கிறேன். 1956 நவம்பர் 23 அதிகாலையில் அரியலூர் அருகே, மருதையாற்று வெள்ளத்தில் சேதமடைந்த பாலத்தில் சென்னை - தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். நம் பெரியவர்கள் பலருக்கு அந்த நாள் மறக்காது. லைன் கிளியர் என்பது அந்தப் பகுதியில் வேறு ரயில் இல்லை என்பதற்கு மட்டுமே உறுதி. பாலத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. 'நன்றாக இருக்கிறேன்' என்று சொல்லும் நாக்கு பாலத்துக்கு இல்லை. கெட்ட செய்தி வராததே நல்ல செய்தியாகிவிட்டது.

இரண்டாவது, 1988 டிசம்பர் 12 அன்று லண்டன் கிளாப்பம் சந்திப்பில் நடந்த மோதல். 35 பேர் இறந்தனர். புதிய கம்பி போட்டபோது, பழைய கம்பியின் ஒரு முனை அப்புறப்படுத்தப்படாமல் தொங்கியது. அது தற்செயலாக முனையத்தில் பட்டு, ரயில் நின்ற இடத்தையும் 'காலி' என்று சொல்லிவிட்டது. அந்த வேலையைச் செய்த தொழிலாளி பதின்மூன்று வாரங்களில் ஒரே ஒரு நாள்தான் ஓய்வு எடுத்திருந்தார் என்று விசாரணையில் தெரிந்தது. மௌனத்தைவிடக் கொடியது பொய்யான 'சரி'. செய்தி வந்தால் போதாது. அது வரவேண்டிய இடத்திலிருந்துதான் வந்ததா என்றும் பார்க்க வேண்டும்.

ஜூலை 26

நம் ஊர்க்காரர்களுக்கு நான் வெகுதூரம் போய் உதாரணம் தேட வேண்டியதில்லை. 2005 ஜூலை 26-ஐச் சொன்னால் போதும். சாந்தாகுரூஸ் மானியில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாகியது. அதே நாளில் கொலாபா மானியில் 75 மில்லிமீட்டர்கூட இல்லை. சயானுக்கும் குர்லாவுக்கும் இடையே தண்டவாளம் தண்ணீருக்குள். கைபேசிகள் பல இடங்களில் ஊமையாயின. கோபுரங்களில் மின்சாரம் போனது ஒரு காரணம். எல்லோரும் ஒரே நேரத்தில் அழைத்தது இன்னொன்று. டென்மார்க்கின் எர்லாங் நூறாண்டுகளுக்கு முன்பே கணக்குப் போட்டுக் காட்டியபடி, எந்தத் தொலைபேசி வலையும் அத்தனை சந்தாதாரர்களும் ஒரே நொடியில் பேசுவார்கள் என்று கட்டப்படுவதில்லை.

அன்று நான் குர்லாவுக்கு வடக்கே ஒரு ரிலே அறையில் மாட்டிக் கொண்டேன். ரயில்வேயின் சொந்த டெலிபோனில் கன்ட்ரோலோடு பேச முடிந்தது, வீட்டோடு முடியவில்லை. சேதி வரவில்லையென்றால் நன்றாகத்தான் இருப்பார் என்று அக்கம்பக்கத்தார் தேற்றியபோது என் மனைவி ஒப்பவில்லை. "சிக்னல்காரர் வீட்டில் அந்தக் கணக்கு செல்லாது" என்றாளாம். மறுநாள் காலை, சயானில் குடியிருந்த சக ஊழியர் ஒருவர் கன்ட்ரோல் வழியாக என் சேதியைப் பெற்று, முழங்கால் நீரில் நடந்து போய் வீட்டில் சொன்னார். அவள் அதோடு விடாமல், தான் கேட்டுக் கொண்டதை என்னிடம் திரும்பச் சொல்லும்படி அவரையே திருப்பி அனுப்பினாள். பகல் பதினொரு மணிக்கு அந்த ஒப்புகை வந்த பிறகுதான் நான் டீயை வாய்விட்டுக் குடித்தேன்.

அந்த வெள்ளத்துக்குப் பிறகு மாநகராட்சி நகரின் பல பகுதிகளில் தானியங்கி மழைமானிகளை அமைத்தது. ஒரே நகரத்தில் 944-உம் 75-உம் பெய்யும்போது இரண்டு மானிகள் போதா. குரலைப் போதிய அளவுகளில் அளவெடுக்க வேண்டும் என்ற அதே விதிதான் இங்கே நிலப்பரப்பில் வேலை செய்கிறது. ஆனால் இத்தகைய வலையைக் கட்டப் போகும் மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு மானி பூஜ்யம் என்று அனுப்பினால் மழை இல்லை என்று பொருள். அது ஒன்றுமே அனுப்பாவிட்டால்? திரையில் இரண்டையும் ஒரே காலி இடமாகக் காட்டும் மென்பொருளை எழுதிவிட்டால், மிட்டி ஆறு பொங்கும் நேரத்தில் மூழ்கிப் போன மானி, 'இங்கே மழையே இல்லை' என்று சாட்சி சொல்லிக் கொண்டிருக்கும். தாராவிக் குடிசையில் படுத்திருப்பவருக்கு அதன் விலை என்ன என்று சொல்லவும் வேண்டுமோ?

எல்லா இடத்திலும் ஒப்புகை கேட்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. பேச்சும் நேரடி ஒளிபரப்பும் போகும்போது ஒரு சிறு துண்டு தொலைந்தால் தொலையட்டும் என்று விடுவதே நல்லது. மீண்டும் அனுப்பி அது தாமதமாக வந்து சேர்ந்தால் யாருக்கும் பயனில்லை. அதற்கென்று யு.டி.பி. என்ற எளிய முறை இருக்கிறது. எங்கே மௌனத்தைப் பொறுக்கலாம், எங்கே பொறுக்கக் கூடாது என்று பகுத்தறிவதுதான் இந்தப் படிப்பின் சாரம்.

ஆகவே நம் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். கல்லூரியில் செய்முறைத் திட்டம் செய்யும்போது, நோயாளியின் இதயத்துடிப்பை அனுப்பும் கருவியானாலும் சரி, தண்ணீர்த் தொட்டியின் மட்டத்தைச் சொல்லும் கருவியானாலும் சரி, அது வேலை செய்வதைக் காட்டியவுடன் கம்பியைப் பிடுங்கிவிட்டுத் திரையில் என்ன தெரிகிறது என்று பாருங்கள். பழைய எண்ணே தொடர்ந்து மின்னிக் கொண்டிருந்தால் வேலை இன்னும் முடியவில்லை. இதில் ஐயமிருந்தால் ஞாயிற்றுக்கிழமைகளில் சங்கத்தின் வாசக சாலைக்கு வாருங்கள். மாலை ஐந்து மணிக்கு மேல் நான் அங்கேதான் இருப்பேன். பழைய ரிலே ஒன்றைக் கையோடு கொண்டு வருகிறேன். மின்சாரம் நின்றதும் அது 'டக்'கென்று கீழே விழுவதை நீங்களே கேட்கலாம்.